பழைய இன்ஜெக்ஷன் ஜீப்பில் பெற்றோல், வயரிங் கோளாறுகள்: அறிகுறியைக் கொண்டு பிழையைத் தேடும் முறை

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்தது 2025இல்தான். விற்றுவிட்டுப் புதியது வாங்கலாம் என்றிருந்தவர்களும் இடைப்பட்ட காலத்தில் கையிலிருந்ததையே பேணவேண்டியதாயிற்று. 1990-களின் பெற்றோல் ஜீப்புகள் கொழும்பில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். என்னுடையது வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதைக்குக் கூப்பிடு தூரத்தில், கூரையில்லாத முற்றமொன்றில் நிற்கிறது. நடுவழியில் நின்றுபோவதும், அரை மணி கழித்து ஒன்றும் நடவாததுபோல ஓடுவதுமாக அது இரண்டு ஆண்டுகள் என்னை அலைக்கழித்தது. முதலில் பார்த்த கராஜில், "அண்ணே, கொம்பியூட்டர் போயிட்டுது" என்றார்கள். பெற்றோலையும் ஸ்பார்க்கையும் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியைத்தான் அப்படிச் சொல்வார்கள். பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய கொம்பியூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டும் கோளாறு தீரவில்லை. வாங்கியதும் பழுதுதான் என்று சொல்லி இன்னொன்றும் வாங்கவைத்தார்கள். ஈற்றில் பிழை இருந்தது இன்டேக் மனிபோல்டின் பின்புறத்தில், பத்தாம் நம்பர் போல்ற் ஒன்றின் அடியில் களிம்பேறிக் கிடந்த எர்த் முனையில், அதாவது மின்சாரம் பற்றரிக்குத் திரும்பும் இணைப்பில். உப்புத்தாளும் ஐந்து நிமிடமும் போதுமாயிருந்தன.

அதன் பின் என் வாகனத்திலும் உறவினர், அயலவர் வாகனங்களிலும் இதே வகைப் பிழைகளைத் திரும்பத் திரும்பத் தேடிப் பழகியதில் உருவான வரிசைமுறையைக் கீழே தருகிறேன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெற்றோலைத் தெளிக்கும் தனி இன்ஜெக்டர் கொண்ட, பெரும்பாலும் ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பகிரும் டிஸ்ரிபியூட்டர் வைத்த, ஜப்பானியப் பெற்றோல் எஞ்சின்களுக்கே இது பொருந்தும். டீசல் ஜீப்புக்கு இது உதவாது.

கைவைக்கும் முன்

தேவையான கருவிகள் குறைவு: ஒரு டிஜிட்டல் மல்ரிமீற்றர், ஸ்பார்க் பார்ப்பதற்கு ஒரு பழைய பிளக், இன்ஜெக்டர் சொக்கெட்டில் சொருகிப் பார்க்கும் சிறு எல்இடி சோதனை விளக்கு, வாகனத்தின் வயரிங் படம். பெற்றோல் அழுத்தமானி ஒன்றை இரவல் வாங்க முடியுமானால் நன்று.

பெற்றோல் குழாயைக் கழற்றும் முன், எஞ்சினை ஓடவிட்டு பம்ப்பின் பியூஸை இழுத்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை காத்திருங்கள். அதன் பின்னும் பழந்துணியைச் சுற்றியே குழாயைத் தளர்த்துங்கள். தீயணைப்புக் கருவி கைக்கெட்டிய தூரத்தில் இருக்கட்டும். எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கம் இந்த வாகனங்களுக்கு ஆகாது. பழைய பல்ப் சோதனை விளக்கைக் கொம்பியூட்டர் முனைகளில் வைப்பதும் அப்படியே. அது இழுக்கும் மின்னோட்டம் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டரைக் கெடுக்கக்கூடும். மஞ்சள் நிறச் சொக்கெட்டுகள் எயார்பேக்குக்கு உரியவை, அவற்றைத் தொடவே வேண்டாம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

பற்றரி ஓய்விலிருக்கும்போது 12.6 வோல்ற் அளவிலும், ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஏறத்தாழ 10 வோல்ற்றுக்குக் குறையாமலும், எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையிலும் காட்ட வேண்டும். சுற்றும்போது ஒன்பதுக்குக் கீழே விழுமானால், வேறெதையும் பாராமல் பற்றரியையும் அதன் முனைகளையும் சரிசெய்யுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றுவதற்குப் போதுமான மின்சாரம் கொம்பியூட்டர் விழித்திருப்பதற்குப் போதாமலிருப்பது அடிக்கடி நடப்பது.

அடுத்தது எர்த். இங்கேதான் நானும் என் வாகனத்தைப் பார்த்த பாஸ்மாரும் (மெக்கானிக்குகளும்) ஏமாந்தோம். மீற்றரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து 'பீப்' என்று ஒலித்தால் வயர் நன்று என்று முடிவு கட்டிவிடுகிறோம். இருபது இழை கொண்ட வயரில் பத்தொன்பது அறுந்து ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீற்றர் ஒலிக்கும். ஆனால் அந்த ஒற்றை இழையால் நான்கு இன்ஜெக்டரின் சுமையைத் தாங்க முடியாது. ஆகையால் வயரைச் சுமையுடன் சோதிக்க வேண்டும். மீற்றரை வோல்ற்றில் வைத்து, கறுப்பு முனையைப் பற்றரியின் மறைத் தூணிலேயே ஊன்றி, சிவப்பு முனையை எஞ்சின் உலோகத்தில் வைத்துக்கொண்டு ஒருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். 0.3 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எஞ்சின் எர்த் பட்டை சரியில்லை. பின்பு எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைற்றையும் ஏசியையும் போட்டு, சிவப்பு முனையைக் கொம்பியூட்டரின் எர்த் வயரில் வையுங்கள். அங்கே 0.1 வோல்ற்றுக்கு மேல் இருக்கக்கூடாது. என் வாகனத்தில் 0.9 காட்டியது, அதே வயர் தொடர்ச்சிச் சோதனையில் மூன்று தடவை 'பீப்' ஒலித்திருந்தது.

மூன்றாவதாக, கொம்பியூட்டரின் நினைவில் பதிந்திருக்கும் கோளாறு எண்ணைப் படியுங்கள். இந்த வயது வாகனங்களுக்கு ஸ்கேனர் தேவையில்லை. டொயோட்டாவில் சோதனைப் பெட்டியின் டிஈ1, ஈ1 ஆகிய இரு துளைகளையும் சிறு வயரால் இணைத்துத் திறப்பைப் போட்டால், செக் எஞ்சின் விளக்கு மின்னி எண்ணைச் சொல்லும். இடைவிடாமல் சீராக மின்னினால் பதிவு எதுவும் இல்லை. 22 தண்ணீர் வெப்பச் சென்சர், 41 த்ரொட்டில் (காற்றை விடும் வால்வு) சென்சர், 21 ஒட்சிசன் சென்சர் என்பன அடிக்கடி வருபவை. அதே காலச் சுசுகியில் 12 வந்தால் கோளாறில்லை என்று பொருள். படத்தைப் பாராமல் துளைகளை ஊகித்து இணைக்காதீர்கள். எண் வந்தவுடன் அந்தச் சென்சரை வாங்க ஓடவும் வேண்டாம், ஏனெனில் அந்த எண் சென்சர், அதன் சொக்கெட், கொம்பியூட்டர் வரையுள்ள வயர் ஆகிய முழு வழியையும் குறிக்கிறது. பழைய ஜீப்பில் அவற்றுள் முதலில் கெடுவது சொக்கெட்.

அறிகுறி: ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

திறப்பைப் போட்டதும், சுற்றுவதற்கு முன், செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். வழி அங்கேயே இரண்டாகப் பிரிகிறது.

விளக்கு எரியவில்லையானால்

பல்ப் பியூஸாகியிருக்கலாம், இல்லாவிட்டால் கொம்பியூட்டருக்கு மின்சாரம் போகவில்லை. முதலில் ஈஎஃப்ஐ (பெற்றோல் இன்ஜெக்ஷன் அமைப்பின்) பியூஸ். அதை வெளியே எடுத்துக் கண்ணால் பார்ப்பது போதாது. இடத்திலேயே வைத்து இரு பக்கமும் வோல்ற் அளக்க வேண்டும், ஏனெனில் பியூஸ் நன்றாயிருந்தும் அதைப் பிடிக்கும் தகடுகள் தளர்ந்து கருகியிருப்பது கடலோர வாகனங்களில் சாதாரணம். அடுத்தது மெயின் ரிலே, அதாவது திறப்பைப் போட்டதும் கொம்பியூட்டருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்சுவிட்ச். திறப்பைப் போடும்போது அது 'டிக்' என்று ஒலிக்க வேண்டும். ஒலித்தாலும், உள்ளே போகும் வோல்ற் வெளியே வருகிறதா என்று அளந்து பாருங்கள். அதே அளவான வேறு ரிலேயை, எடுத்துக்காட்டாக ஹோர்னுடையதை, முனைகளின் ஒழுங்கு ஒன்றுதான் என்று உறுதிப்படுத்திக்கொண்டு மாற்றிப் பார்க்கலாம்.

பியூஸும் ரிலேயும் நன்றாயிருந்து, கொம்பியூட்டரின் முனையில் 12 வோல்ற்றும் எர்த்தும் இருந்தும் விளக்கு எரியாவிட்டால், உடனே கொம்பியூட்டரைக் குற்றம் சொல்ல வேண்டாம். அது சென்சர்களுக்குக் கொடுக்கும் 5 வோல்ற் வழியில் எங்கோ ஒரு வயர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் அது செத்ததுபோலக் கிடக்கும். த்ரொட்டில் சென்சரின் சொக்கெட்டை, அதன் பின் 5 வோல்ற் பெறும் மற்றச் சென்சர்களின் சொக்கெட்டுகளை, ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ற் திரும்புகிறதோ அதிலோ அதன் வயரிலோதான் பிழை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எத்தனை நல்ல கொம்பியூட்டர்கள் குப்பைக்குப் போயிருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

விளக்கு எரிகிறது, பெற்றோல் பம்ப் ஒலிக்கவில்லையானால்

பின் ஆசனத்தில் ஒருவரை இருத்திக் கேட்கச் சொல்லுங்கள். சுசுகி போன்றவற்றில் திறப்பைப் போட்டதும் இரண்டு மூன்று விநாடிகள் பம்ப் ஓடி நிற்கும். பல பழைய டொயோட்டாக்களில் ஸ்டார்ட்டர் சுற்றும்போதே ஓடும். திறப்பைப் போட்டதும் ஒலி வராதது அவற்றில் குறையல்ல. அவற்றில் சோதனைப் பெட்டியின் பி பிளஸ், எஃப்பி துளைகளை இணைத்துப் பம்ப்பை நேரடியாக ஓட்டலாம். அப்படி ஓடினால் பம்ப் நல்லது. பிழை ரிலேயிலோ, அதை இயக்கும் வயரிலோ.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு காரணம் இருக்கிறது. முன்பிருந்த உரிமையாளர் யாரோ பூட்டிய திருட்டு அலாம், பம்ப் வயரை வெட்டி இடையில் ஒரு மலிவான ரிலேயைச் சொருகியிருக்கும். அலாம் செத்துப் பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம். டாஷ்போர்டின் அடியில் அந்த ரிலே மட்டும் உயிரோடு இருக்கும். ஒரு காலத்தில் காஸுக்கு மாற்றி மீண்டும் பெற்றோலுக்கு வந்த வாகனமானால் இன்னும் சிக்கல்: காஸில் ஓடும்போது இன்ஜெக்டர்களை நிறுத்துவதற்காக ஒவ்வொரு இன்ஜெக்டர் வயரும் வெட்டப்பட்டு ஒரு பெட்டியூடாகப் போயிருக்கும், காஸ் சிலிண்டரையும் குழாய்களையும் கழற்றியவர்கள் அந்த வெட்டுகளை முறுக்கி இன்சுலேஷன் ரேப் சுற்றிவிட்டுப் போயிருப்பார்கள். கம்பனி வயரிங்கில் இல்லாத நிற வயரையோ, கருப்பு ரேப் சுற்றிய முடிச்சையோ கண்டால் படத்தைப் பார்த்து வழியைப் பழையபடி மீட்டு, ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறையிட்டு மூடுங்கள். பொனட்டுக்குள் ரேப் நிலைக்காது. சூட்டில் பசை இளகி ஒரே ஆண்டில் கழன்றுவிடும்.

ரிலே வரை எல்லாம் நன்று என்றால் பின்புறம் போங்கள். தாங்கியின் மேலுள்ள சொக்கெட்டில் சேறு காய்ந்து கிடக்கும். பம்ப்பின் எர்த் சசியிலோ பொடியிலோ துருவேறியிருக்கும். பம்ப் ஓடும்போது அதன் சொக்கெட்டில் அளக்கும் வோல்ற், பற்றரியின் அளவைவிட ஒன்றுக்கு மேல் குறையக்கூடாது. வோல்ற் சரியாக வந்தும் ஓடாத பம்ப்பைத்தான் மாற்ற வேண்டும். தாங்கியை இறக்கும் வேலையை வீட்டு முற்றத்தில் செய்யாதீர்கள், அது கராஜுக்குரியது.

பம்ப்பும் ஓடுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லையானால்

பழைய பிளக்கை எஞ்சின் உலோகத்தில் எர்த் செய்து ஸ்பார்க் பாருங்கள். பெற்றோல் கசிவு எங்கும் இல்லை என்று உறுதிப்படுத்திய பின்பே. எல்இடி விளக்கை ஒரு இன்ஜெக்டர் சொக்கெட்டில் சொருகிச் சுற்றுங்கள், மின்ன வேண்டும். இரண்டும் இல்லையானால், டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிக்கப் சுருளையும் அதன் சொக்கெட்டையும் முதலில் சந்தேகியுங்கள், ஏனெனில் எஞ்சின் சுற்றுவதைக் கொம்பியூட்டருக்குச் சொல்வது அதுதான். ஸ்பார்க் மட்டும் இல்லையானால், அதற்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் கொயிலும் கொயிலை இயக்கும் இக்னைட்டரும். எல்இடியின் மின்னல் மட்டும் இல்லையானால் இன்ஜெக்டருக்கு வரும் 12 வோல்ற்றைத் தேடுங்கள். இரண்டும் இருந்தால் பெற்றோல் அழுத்தம்.

அறிகுறி: ஓடிக்கொண்டிருக்கையில் நிற்கிறது, ஆறியதும் ஓடுகிறது

காலி வீதியில் மாலை நெரிசலில், ஏசி போட்டபடி ஊர்ந்துகொண்டிருக்கும்போது வருவது இது. கராஜுக்குக் கொண்டுபோனால் வராது. ஆகவே நிற்கும் அந்த நொடியைப் பயன்படுத்தத் தயாராக இருக்க வேண்டும். பழைய பிளக்கும் எல்இடி விளக்கும் கையுறைப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

முதல் தடயம் ரெவ் மீற்றர் முள். வாகனம் கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூச்சியத்துக்கு விழுந்தால், மின்சாரமோ இக்னிஷனோ அறுந்தது. எஞ்சின் இருமி இருமி, முள்ளும் மெல்ல இறங்கினால் பெற்றோல் குறைந்தது. இந்த ஒரு பார்வை தேடலைப் பாதியாகக் குறைக்கும்.

முள் சட்டென்று விழும் வழக்கில், செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். எஞ்சினை ஓடவிட்டு, மின்விசிறிக்கும் பெல்ற்றுக்கும் எட்ட நின்று, வயரிங் கட்டை ஒவ்வொரு அடியாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள்: எஞ்சினுக்கும் ஆசனப் பகுதிக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவரின் ரப்பர் துளையூடாக நுழையும் இடம், எக்ஸோஸ்ற் மனிபோல்டுக்கு அருகே போகும் இடம், எஞ்சினின் பின்புறக் கிளிப். அசைக்கும்போது எஞ்சின் தடுமாறினால் அந்த அடிக்குள் பிழை இருக்கிறது. அதன் பின் திறப்புச் சொக்கெட்டை அசையுங்கள். கனமான திறப்புக் கொத்து தொங்கித் தொங்கி உள்ளிருக்கும் தொடுப்பான் தேய்ந்திருக்கும். பின்பு ஏற்கெனவே சொன்ன எர்த் சோதனையை எஞ்சின் சூடாயிருக்கும்போது மறுபடி செய்யுங்கள், குளிரில் 0.1 காட்டிய இணைப்பு சூட்டில் 0.8 காட்டுவது உண்டு. மெயின் ரிலேயை ஸ்குரூடிரைவரின் பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். இந்த வயது ரிலேகளின் உள்ளே ஈயப்பற்று வட்டமாக வெடித்திருக்கும். சூட்டில் விலகி, குளிரில் சேரும். மூடியைத் திறந்து உருப்பெருக்கியால் பார்த்தால் தெரியும், மறுபடி பற்றவைத்தால் தீரும்.

இவை எல்லாம் நன்றாயிருந்தால் சூட்டில் அறுகிற பாகங்கள் மிஞ்சுகின்றன: பிக்கப் சுருள், இக்னைட்டர், கொயில். பிக்கப் சுருளின் ஓம் அளவைக் குளிரில் குறித்துவைத்து, தலைமயிர் உலர்த்தியால் சூடாக்கி மீண்டும் அளங்கள். அளவு எல்லையின்றி ஏறினால் அதுவே குற்றவாளி. இக்னைட்டரை அப்படி அளக்க முடியாது. கொயிலும் பிக்கப்பும் நல்லவை என்று உறுதியான பின், நிச்சயமாக வேலை செய்யும் ஒன்றை மாற்றி ஒரு வாரம் ஓடிப்பார்ப்பதே வழி. பஞ்சிகாவத்தையில் வாங்கினால், திருப்பிக் கொடுக்கலாமா என்று முன்னரே பேசிக்கொள்ளுங்கள்.

இருமி நிற்கும் வழக்கில், தாங்கியில் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போதுதான் வருகிறதா என்று கவனியுங்கள். பம்ப்பைக் குளிரவைப்பது அது மூழ்கியிருக்கும் பெற்றோல்தான். தேய்ந்த பம்ப் குறைந்த பெற்றோலில் சூடேறித் தளரும். பெற்றோல் நிரப்பியதும் ஒரு வாரம் நல்லபிள்ளையாக இருந்தால் பம்ப்பின் காலம் முடிகிறது என்று கொள்ளலாம், அதற்கு முன் பில்டரை மாற்றியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அறிகுறி: மழைக்குப் பின் மட்டும் மிஸ்ஸாகிறது அல்லது ஸ்டார்ட் ஆவதில்லை

இருட்டில் பொனட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். டிஸ்ரிபியூட்டர் மூடியிலோ பிளக் வயரிலோ நீல ஒளி ஊர்ந்தால் வேறெங்கும் தேடவேண்டாம். மூடியின் உட்புறத்தில் பென்சில் கோடுபோலக் கரிய வெடிப்பு இருக்கும். துடைத்தால் ஒரு நாளைக்குத்தான் தாங்கும், மூடியை மாற்றத்தான் வேண்டும்.

ஒளி எதுவும் தெரியாவிட்டால் பயணி ஆசனத்தின் காலடி விரிப்பைத் தூக்குங்கள். பல வாகனங்களில் கொம்பியூட்டர் கையுறைப் பெட்டியின் பின்னாலோ அந்தப் பக்கத்துக் காலடிச் சுவரிலோ இருக்கிறது. முன்கண்ணாடி ரப்பரூடாக மழை இறங்கும். மழையே இல்லாத நாட்களிலும் விரிப்பு நனைந்திருந்தால் அது ஏசி நீர். வெளியேற்றும் குழாய் தூசியால் அடைபட்டு உள்ளே வழிகிறது. கொழும்பில் ஏசி நிறுத்தப்படுவதே இல்லையாதலால் இது மெல்ல மெல்ல, யாரும் அறியாமல் கொம்பியூட்டரின் சொக்கெட்டைப் பச்சையாக்குகிறது. குழாயை மெல்லிய கம்பியால் குத்தித் திறந்து, சொக்கெட்டைக் கழற்றி மின்தொடுப்புச் சுத்திகரிப்பானால் கழுவிக் காயவைத்துப் பூட்டுங்கள். வெள்ளத்தில் காலடி மூழ்கியிருந்தால் பற்றரியைக் கழற்றிவிட்டு, திறப்பைப் போடாமலே தெரிந்தவரிடம் இழுத்துச் செல்லுங்கள். ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் தப்பக்கூடிய பலகையும் எரிந்துவிடும்.

அறிகுறி: ஐட்லிங் ஏறி இறங்குகிறது, மிதித்தால் தயங்குகிறது

காற்றுக் கசிவுதான் பெரும்பாலும். எயார் பில்டர் பெட்டிக்கும் த்ரொட்டிலுக்கும் இடையேயுள்ள மடிப்பு ரப்பர்க் குழாயைக் கழற்றி, மடிப்புகளைக் கையால் விரித்துப் பாருங்கள். இடத்தில் இருக்கும்போது வெடிப்பு தெரியாது. முன்னே போகும்போது தயங்கும் ஜீப் பின்னோக்கி எடுக்கையில் சீராக இழுத்தால் இந்தக் குழாய்மேல் சந்தேகம் வலுக்கும், ஏனெனில் எஞ்சின் சாயும் திசை மாறும்போது வெடிப்பு மூடிக்கொள்கிறது. அடுத்து, சிறு வாக்கும் (வெற்றிட) குழாய்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் மெல்ல நெரித்துப் பாருங்கள். சுத்திகரிப்புத் திரவத்தைச் சூடான எஞ்சின்மேல் தெளித்துக் கசிவு தேடுபவர்களைக் கண்டிருக்கிறேன். தீப்பற்றியதையும் ஒரு தடவை கண்டிருக்கிறேன்.

கசிவில்லையானால் ஐட்ல் வால்வையும் த்ரொட்டில் வாயையும் கழுவுங்கள். பின்பு த்ரொட்டில் சென்சரின் சைகை வயரில் மீற்றரை வைத்து மிதியை மெல்ல அழுத்துங்கள்: அரை வோல்ற் அளவிலிருந்து நான்குக்கு மேல் வரை இடையறாது ஏற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் விழுந்து எழுந்தால் தடம் தேய்ந்துவிட்டது.

அறிகுறி: கறுப்புப் புகை, பெற்றோல் செலவு, புகைப்பரிசோதனையில் தோல்வி

வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் மாதத்தில்தான் பலருக்கு இது தெரியவருகிறது. எயார் பில்டரை மாற்றியும் தீராவிட்டால், தண்ணீர் வெப்பச் சென்சரிடம் போங்கள். பெரும்பாலான ஜப்பானிய வாகனங்களில் இது 20 பாகை செல்சியஸில் 2 முதல் 3 கிலோ ஓமும், 80 பாகையில் 200 முதல் 400 ஓமும் காட்டும். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது நம் ஊரின் 30 பாகையில் ஒன்றரைக்கும் இரண்டு கிலோ ஓமுக்கும் இடையில் வரும். சென்சரைத் தனியே அளந்தால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், பிழை சொக்கெட்டில். களிம்பேறிய சொக்கெட் வெறும் 500 ஓம் கூட்டினாலும், சூடான எஞ்சினின் 300 ஓம் கொம்பியூட்டருக்கு 800 ஆகத் தெரியும். அது எஞ்சின் இன்னும் 50 பாகையில்தான் இருக்கிறது என்று நம்பி, நாள் முழுக்கச் சோக் இழுத்ததுபோலப் பெற்றோலை ஊற்றும். விளக்கும் எரியாது, எண்ணும் பதியாது, ஏனெனில் 50 பாகை என்பது நடக்கக்கூடிய அளவுதானே. ஆகையால் சென்சரில் அல்ல, கொம்பியூட்டர் முனையிலிருந்து, எஞ்சின் சூடாயிருக்கும்போது, சொக்கெட்டுகளையும் உள்ளடக்கி அளங்கள்; அளக்கும்போது பற்றரி கழன்றிருக்கட்டும்.

அடுத்தது பெற்றோலின் அழுத்தத்தை நிலையாக வைக்கும் அழுத்தச் சீராக்கி. அதன்மேல் சொருகியிருக்கும் வாக்கும் குழாயை இழுத்து மோந்து பாருங்கள். பெற்றோல் மணந்தால் உள்ளே தோல் கிழிந்துவிட்டது. ஒட்சிசன் சென்சர் கடைசி: எஞ்சின் நன்கு சூடான பின் 2500 சுற்றில் அதன் சைகை 0.1க்கும் 0.9க்கும் இடையே பத்து விநாடிக்குள் பல தடவை ஊசலாட வேண்டும். மேலேயே நின்றால் உண்மையில் பெற்றோல் மிகுதி, சென்சரைக் குறைசொல்லாதீர்கள்; அசையாமல் நடுவில் தூங்கினால் சென்சர் முடிந்தது. இவற்றையும் கடந்து புகை வந்தால் இன்ஜெக்டர் கசிகிறது. அவற்றைக் கழற்றி இயந்திரத்தில் வைத்துச் சோதிக்கும் இடத்துக்குக் கொடுங்கள்.

அறிகுறி: ஏற்றத்தில் இழுவை இல்லை

கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏறும்போது தெரிவது நகருக்குள் தெரியாது. பெற்றோல் பில்டரில் தொடங்குங்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் வரிசைக்கும் கியூஆர் பங்கீட்டுக்கும் அஞ்சி மாதக்கணக்கில் அரைத் தாங்கியுடன் நின்ற ஜீப்புகளின் தாங்கிகளில் அப்போது ஏறிய துரு இன்னும் உதிர்ந்துகொண்டிருக்கிறது. பழைய பில்டரைத் தலைகீழாகத் தட்டினால் செந்தூள் கொட்டும். புதிய பில்டர் சில வாரங்களிலேயே அடைபட்டால் தாங்கியைக் கழுவியே ஆக வேண்டும். அழுத்தமானியில், சீராக்கியின் வாக்கும் குழாயைக் கழற்றிய நிலையில் பொதுவாக இரண்டரை முதல் மூன்று பார் வரும். பூட்டினால் ஏறத்தாழ அரை பார் இறங்கும். உங்கள் எஞ்சினின் சரியான எண்ணைக் கையேட்டில் பாருங்கள். எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடத்தில் அழுத்தம் முழுவதும் வடிந்தால் பம்ப்பின் தடை வால்வோ சீராக்கியோ இன்ஜெக்டரோ கசிகிறது. அழுத்தம் சரியாயிருந்தும் இழுவை இல்லையானால் அது வயரிங் வேலையல்ல, புகைக்குழாயிலுள்ள கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரின் அடைப்பையும் கொம்பிரஷனையும் மெக்கானிக்கிடம் பார்க்கக் கொடுங்கள்.

அறிகுறி: ஈஎஃப்ஐ பியூஸ் திரும்பத் திரும்ப எரிகிறது

பெரிய பியூஸ் போடுவது வயரைத் தீக்குக் கொடுப்பது. பியூஸ் இருந்த இடத்தில் ஒரு ஹெட்லைற் பல்ப்பை வயரால் இணையுங்கள். எங்கோ ஷோர்ட் இருக்கும்வரை அது பிரகாசமாக எரியும், ஷோர்ட் நீங்கியதும் மங்கும். இப்போது கிளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றலாம், பியூஸ் செலவில்லை. எக்ஸோஸ்ற்றில் உரசி உருகிய ஒட்சிசன் சென்சர் வயரை முதலில் பாருங்கள், அடுத்து இன்டேக்கின் அடியில் எலி கடித்த இடங்களை. கழிவுக் கால்வாய்க்கருகே நிறுத்துபவர்களுக்கு எலி ஒரு நிலையான வாடகைதாரர்.

கொம்பியூட்டரை உண்மையாகவே சந்தேகிக்க வேண்டிய கட்டம்

12 வோல்ற் நேராக வருகிறது, எர்த்தில் சுமையுடன் 0.1க்குக் கீழே, சென்சர்கள் எல்லாம் கழற்றிய பின்னும் 5 வோல்ற் இல்லை. அல்லது பிக்கப் சைகை வந்தும் இன்ஜெக்டர் சொக்கெட்டில் எல்இடி மின்னவில்லை. இந்த அளவுகளை எழுதிவைத்த பின்பே கொம்பியூட்டரைக் கழற்றுங்கள். 1990-களின் பல கொம்பியூட்டர்களில் மின்கொள்ளளவிகள் கசிந்து, பலகையில் பழுப்புக் கறையும் மீன் நாற்றம்போன்ற வாடையும் இருக்கும். அது தொடக்க நிலையிலிருந்தால் கொள்ளளவிகளை மாற்றிப் பலகையைக் கழுவித் தப்பவைக்கலாம்; அதை நுண்பலகை வேலை தெரிந்த எலெக்ரோனிக்ஸ் திருத்துநரிடம் கொடுக்க வேண்டும், வயரிங் கராஜில் அல்ல. மாற்றாக வாங்குவதானால் பெட்டியின் மேலுள்ள பாக எண் கடைசி எழுத்துவரை ஒன்றாயிருக்க வேண்டும்; ஓட்டோ கியருக்கும் மனுவல் கியருக்கும் தனித்தனி எண் இருக்கும். பழையதைக் கடையில் மாற்றாகக் கொடுத்துவிடாதீர்கள். என்னிடம் கழற்றிய பெட்டிகள் மூன்று இருந்தன, அவற்றில் கெட்டது ஒன்றும் இல்லை. தொழிற்சாலையில் பூட்டிய பெட்டியையே மீண்டும் பூட்டி, இன்றும் அதில்தான் ஓடுகிறேன்.